கணினியும் கடவுச்சீட்டும்

பொருள் தேடிப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. அகவாழ்வுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், ஓதல், தூது, பகை முதலியவற்றோடு பொருளையும் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக எண்ணுகின்றார். சங்கத் தலைவன் கடந்து சென்ற பாலை நிலம் இன்று கடலாகவும் வானாகவும் மாறியிருக்கின்றது. ஆயினும் அப்பாலையில் வழிப்போக்கரை எதிர்நோக்கிப் பதுங்கியிருந்த ஆறலை கள்வர் மறைந்துவிட்டனர் என்று எண்ணிவிடலாகாது. வில்லையும் அம்பையும் கீழே வைத்துவிட்டு, குளிரூட்டப்பட்ட அறையில் அச்சிட்ட தாளோடு அவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

நம் கல்லூரியில் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் பயிலும் மாணவருட் பெரும்பாலோர் இலக்கியம் பயில வந்தவரல்லர். பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் எனப் பட்டம் வேண்டி வந்தவர்கள். நான்கு பருவங்கள் என்னோடு தமிழ் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டின் இறுதியில் என் அறை வாயிலில் வந்து நிற்பார்கள். "ஐயா, வெளிநாட்டில் மென்பொருள் வேலைக்குப் போக வேண்டும், என்ன செய்யலாம்?" என்பதே அவர்களுடைய வினாவாக இருக்கும். தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது என்று சிலர் நகைக்கலாம். வேலையை வாங்கித் தரும் ஆற்றல் எனக்கில்லை. ஆனால் வந்த ஓலையைப் படித்துப் பொருள் காணும் வழியை நான் கற்பிக்க இயலும். இக்கட்டுரை அதுபற்றியதே ஆகும்.

சபுராளிகள் சென்ற வழி

கடல் கடத்தல் நம் சமுதாயத்தார்க்கும் பழகிய செயலே. பயணம் என்னும் பொருளுடைய 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து, அயல்நாடு சென்று பொருளீட்டுவோரைச் 'சபுராளி' என்று அழைக்கும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே தோன்றியது. பினாங்கில் 1801ஆம் ஆண்டில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்காவும் அவர்கள் சென்ற தடத்திற்கு இன்றும் சான்று பகர்கின்றன. அந்தச் சபுராளிகளிடம் பட்டமும் இல்லை. பன்மொழிப் பயிற்சியும் இல்லை. ஆயினும் ஒன்று இருந்தது. முன்னரே சென்றிருந்த மாமனோ மச்சானோ எழுதிய கடிதம் அது. அனுப்புபவர் இன்னார், வரவேற்பவர் இன்னார், வேலை இன்ன கடையில் என்பன வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் தெரிந்திருந்தன.

கொங்கு நாட்டிற்குக் கடற்கரை இல்லை. நம் அன்னூர் வட்டாரமோ நெடுங்காலம் வானம் பார்த்த பூமியாக இருந்தது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கப்பெறும் வரையில் குளங்களுக்கு மழையன்றி வேறு துணையில்லை. கிணறு வற்றியபோது நூற்பாலையும், நூற்பாலை தளர்ந்தபோது விசைத்தறியும் இங்குள்ள குடும்பங்களைத் தாங்கின. 1991ஆம் ஆண்டில் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்ட பின்னர் நான்காவதாக ஒரு நம்பிக்கை பிறந்தது. அது பிள்ளையின் கணினிப் பட்டம்.

ஈராயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகக் கணக்கிட்டுவிடும் என்ற அச்சம் 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் எழுந்தது. அதனைச் சீர்செய்யப் பல்லாயிரவர் தேவைப்பட்டனர். அந்நாளில் சிறு பயிற்சியோடு அமெரிக்கா சென்று நிலைபெற்றவர் பலர். அவர்களைப் பற்றிய கதைகள் இன்றும் நம் திருமண வீடுகளில் பேசப்படுகின்றன. கதை நிலைத்துவிட்டது; காலம் மாறிவிட்டது. இதனைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். எச்-1பி என்னும் பணி விசாவுக்கு அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுத்த ஆண்டு வரம்பு 65,000. தேவை பெருகியமையால் 2001 முதல் 2003 வரை அது 1,95,000 ஆக உயர்ந்தது. 2004ஆம் நிதியாண்டில் மீண்டும் 65,000 ஆகக் குறைந்தது. அமெரிக்காவிலேயே முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கென 20,000 இடங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. ஆக, ஏறத்தாழ 85,000 இடங்கள். இவற்றுக்காக 2024ஆம் நிதியாண்டுக்கு வந்த பதிவுகளோ 7,80,884! குலுக்கல் முறையில் தேர்வு நடந்தது. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்க்காக அளிக்கப்படும் புதிய மனுக்களுக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் ஆணையை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிறப்பித்தார். இத்தகைய வாயிலின் முன் நின்றுகொண்டு, 1999இல் பெரியப்பா மகன் போனதுபோல் நாமும் போகலாம் என்று கூறுதல் பொருந்துமோ?

யார் கூற்று?

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பெரியவர் தம் மகனோடு என்னைக் காண வந்தார். அன்னூருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் நான்கு விசைத்தறிகள் ஓட்டுபவர். மகன் அவ்வாண்டு பி.சி.ஏ. முடித்தவன். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்கள் இருந்தன.

"ஏனுங்க ஐயா, பையன் உங்ககிட்டத் தமிழ் படிச்சவனுங்க. இந்தக் காயிதத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லோணும். ரெண்டேகால் லட்சம் கட்டச் சொல்றாங்க. பூமிப் பத்திரத்தை வெச்சுக் கட்டீரலாம்னு இருக்கறனுங்க."

"உட்காருங்கண்ணா. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்று தாள்களை வாங்கினேன்.

தாய்லாந்து நாட்டில் 'டிஜிட்டல் விற்பனை அலுவலர்' என்னும் பணி. திங்களுக்கு ஆயிரம் டாலர் ஊதியம். தங்குமிடம், உணவு, விமானச் சீட்டு யாவும் இலவசம். தேர்வு கிடையாது, தொலைபேசியில் பத்து நிமிடப் பேச்சு மட்டும் நடந்திருந்தது. மகனின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. தந்தையின் முகத்தில் பத்திரப் பெட்டியின் பாரம் தெரிந்தது.

அகப்பாடல் ஒன்றை வகுப்பில் எடுத்துக்கொண்டால் நாம் முதலில் கேட்பது என்ன? யார் கூற்று என்பதே. தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டால் பாடலின் பொருளே திரிந்துவிடும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவும் உண்டு. அந்த ஆறனையும் அந்த மாணவனிடமே வினாக்களாக வைத்தேன்.

"இது யார் கூற்று தம்பி?" கடிதத்தின் அடியில் ஒரு கிறுக்கல் கையொப்பம் இருந்தது. பெயர் இல்லை, பதவி இல்லை, நிறுவனத்தின் பதிவு எண்ணும் இல்லை.

"கேட்போர் யார்?" 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு' என்றிருந்தது. அவனுடைய பெயர் கூட இல்லை. அக்கடிதத்தை எவர்க்கும் கொடுக்கலாம்.

"களன் எது?" பாங்காக் என்னும் மாநகரின் பெயர் இருந்தது. தெரு இல்லை; கட்டடம் இல்லை. விமான நிலையத்திலிருந்து நிறுவன ஊர்தி அழைத்துச் செல்லும் என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எங்கே அழைத்துச் செல்லும்?

"காலம்?" நாளொன்றுக்கு எத்தனை மணி நேரப் பணி, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகலாமா என்பன ஒன்றும் இல்லை.

"பயன் யாது?" தேர்வின்றி, அனுபவமின்றி, ஒருவனுக்கு ஆயிரம் டாலர் கொடுக்கும் நிறுவனம் அவனிடமிருந்து பெறும் பயன் என்ன? எழுதப்போகும் நிரல் எந்த மொழியில் என்று கூட ஒருவரும் கேட்கவில்லையே.

"எச்சம்?" சொல்லாமல் விடப்பட்டது எது? விசா. சுற்றுலாப் பயணியாகச் சென்று இறங்கிய பின் மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தாராம்.

மார்க்கக் கல்வி பயின்ற பெரியவர்களுக்கு இம்முறை வேறொரு பெயரில் விளங்கும். ஹதீஸ் கலையில் 'இஸ்னாது' என்னும் அறிவிப்பாளர் தொடர் உண்டு. செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும், அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, வாய்மை உடையவரா என்று ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்த பின்னரே அறிஞர்கள் ஏற்பார்கள். மறுமைக்குரிய செய்தியில் காட்டிய எச்சரிக்கையை இம்மைக்குரிய செய்தியில் நாம் ஏன் கைவிட வேண்டும்?

மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "எல்லாரும் போறாங்களே சார்," என்றான். அந்தச் சொல்லில் இருந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. தறியின் ஓசைக்கு நடுவே படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை அவன். ஆகவே மறுக்காமல், "முகவரிடம் அரசுப் பதிவு எண்ணைக் கேள்," என்று மட்டும் சொன்னேன். என் எதிரிலேயே தொலைபேசியில் கேட்டான். கணினி வேலைக்கு அதெல்லாம் வேண்டாம், இரண்டு நாளில் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்ற விடை வந்தது.

பெரியவர் எழுந்தார். "பத்திரம் பெட்டியிலயே இருக்கட்டுமுங்க," என்றார்.

அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனைப் பணி என்று ஆசை காட்டி, கணினி அறிவுடைய இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியன்மாரில் அடைத்து வைத்து, இணைய மோசடியில் ஈடுபடுத்துகின்றனர் என்பது அதன் சாரம். அக்டோபர் தொடக்கத்தில், மியன்மாரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர் சென்னை வந்து இறங்கினர். அக்கொடுமை அத்தோடு முடியவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில் மட்டும் 549 இந்தியர் விமானப்படை வானூர்திகளில் தாயகம் அழைத்து வரப்பட்டனர். இவர்களை அறியாதவர் என்று எவரும் இகழ வேண்டா. கணினி அறிந்தவர் என்பதனாலேயே குறிவைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

நேர்வழிகள்

அங்ஙனமாயின் அயல்நாட்டு வேலை என்பதே மாயையா? இல்லை. நேரிய வழிகள் இருக்கின்றன, அவை நீளமானவை.

முதல் வழி, உள்நாட்டில் பணியாற்றி, அந்நிறுவனத்தின் வாயிலாகவே செல்லுதல். அமெரிக்காவின் எல்-1 விசா, ஒரு நிறுவனத்தில் ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவரையே அதன் அமெரிக்கக் கிளைக்கு மாற்ற இடந்தருகின்றது. அதுவும் மேலாளர்க்கும் தனித்த நுட்ப அறிவு உடையவர்க்குமே உரியது. பட்டம் பெற்ற மறுநாள் அதனைப் பெற இயலாது.

இரண்டாம் வழி, மேற்படிப்பு. அமெரிக்காவில் கணினி முதலிய துறைகளில் பட்டம் பெறும் அயல்நாட்டார்க்கு, படிப்பு முடித்த பின் ஓராண்டும், 2016ஆம் ஆண்டு விதிப்படி மேலும் 24 திங்களும் பயிற்சிப் பணி செய்ய இடமுண்டு. ஆனால் கல்விக் கடனின் சுமை பெரிது. இங்கு நம் மாணவர் கருத வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. பி.சி.ஏ., பி.எஸ்ஸி. ஆகியன மூன்றாண்டுப் பட்டங்கள். அமெரிக்க இளநிலைப் பட்டமோ நான்காண்டு. எச்-1பி விதியில் குறைவுபடும் ஓராண்டுக் கல்விக்கு மூன்றாண்டுத் துறை அனுபவத்தை ஈடாகக் கொள்ளும் முறை இருக்கின்றது. எம்.சி.ஏ. பயின்றால் இக்குறை நீங்கும். இதனை எந்த முகவரும் முன்வந்து சொல்வதில்லை.

மூன்றாம் வழி, பிற நாடுகள். செருமனி 2024 சூன் 1 முதல் 'வாய்ப்பு அட்டை' என்னும் விசாவை வழங்கத் தொடங்கியது. கல்வி, மொழி, அனுபவம், அகவை முதலியவற்றுக்குப் புள்ளிகள் கணக்கிடப்படும். ஆறு புள்ளிகளேனும் வேண்டும். ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். தங்கும் செலவுக்குரிய பணத்தை முன்னரே காட்டுதல் வேண்டும். இது வேலை தேடுவதற்கான இசைவே, வேலையன்று. இதனையே 'செருமனியில் உறுதியான வேலை' என்று விற்போர் இருக்கின்றனர். சிங்கப்பூர், வல்லுநர் பணி அனுமதிக்கு வேண்டிய குறைந்த மாத ஊதியத்தை 2025 சனவரியில் 5,600 வெள்ளியாக உயர்த்தியது. புதிய பட்டதாரிக்கு அவ்வளவு கொடுக்க முன்வரும் நிறுவனங்கள் சிலவே. ஜப்பான் செல்ல விழைவோர் அந்நாட்டு மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் மேல்நிலைகளை எட்டினால் வாய்ப்பு மிகும்.

முகவரை நாடியே ஆக வேண்டுமெனில் சட்டத்தை அறிந்து நாடுங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் நடுவணரசில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர்கள் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. பெற்ற தொகைக்குப் பற்றுச்சீட்டும் தருதல் வேண்டும். பதிவு பெற்றோரின் பட்டியலை நடுவணரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் காணலாம். தமிழக அரசே 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகின்றது. எச்-1பி மனுவுக்குரிய கட்டணத்தை வேலை கொடுப்பவரே செலுத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி. எனவே "மனுவுக்குப் பணம் கட்டு" என்று வேட்பாளனிடமே கேட்பவர், அக்கேள்வியாலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றார்.

சான்றும் சான்றாண்மையும்

மற்றொரு தீமையையும் சொல்லியாக வேண்டும். பணியே செய்யாதவர்க்கு மூன்றாண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் அச்சிட்டு விற்கின்றனர். "எல்லாரும் செய்வதுதானே" என்று பெற்றோரே பணம் கொடுப்பதும் உண்டு. நிறுவனங்கள் வருங்கால வைப்புநிதிக் கணக்கையும் வரிக் கணக்கையும் ஒப்பிட்டு நோக்கும் காலம் இது. பொய்ச் சான்று வெளிப்பட்டால் வேலை போவதோடு விசா விண்ணப்பத்தில் பொய்யுரைத்தவர் என்ற பதிவும் எஞ்சும். அமெரிக்கச் சட்டத்தில் அது வாழ்நாள் முழுதும் நுழைவைத் தடுக்கவல்லது.

அச்சத்தால் மட்டும் இதனை விலக்குதல் சிறப்பாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னரே 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்று மக்காவாசிகளால் அழைக்கப்பெற்றார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வணிகப் பொருளோடு ஷாம் நாட்டிற்குச் சென்று திரும்பியபோது, அவர்கள் கொணர்ந்த ஊதியத்தினும் அவர்களுடைய நேர்மையே மேலானதாகக் கருதப்பட்டது. அயலூரில் ஒருவனுக்கு உற்றார் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. சொல்லும் செயலுமே அவனுக்குரிய சான்று. அதனைப் பொய்யில் தொடங்கியவன் எதனை நம்பி அங்கே நிற்பான்?

அந்தத் தறிக்காரர் மகனின் நிலை என்னவாயிற்று என்று வினவுவீர்கள். அன்னூரிலிருந்து காந்திபுரம் செல்லும் பேருந்து சத்தி சாலையில் கோவில்பாளையத்தைக் கடந்து சரவணம்பட்டியைத் தொடுகின்றது. அங்கும் கீரணத்தத்திலும், 2010ஆம் ஆண்டில் டைடல் பூங்கா எழுந்த விளாங்குறிச்சியிலும் கணினி நிறுவனங்கள் பெருகியுள்ளன. சரவணம்பட்டியில் ஒரு சிறு நிறுவனத்தில், திங்களுக்குப் பதினான்காயிரம் ரூபாய்க்கு அவன் சேர்ந்தான். முதல் ஆண்டு முழுவதும் பிறர் எழுதிய நிரல்களில் பிழை தேடும் பணியே அவனுக்குக் கிடைத்தது. மனம் சோர்ந்து இருமுறை விலக எண்ணினான். விலகவில்லை. இன்று அவனே நிரல் எழுதுகின்றான். ஊதியம் மும்மடங்கிற்கு மேலாயிற்று. மாலை வேளைகளில் செருமன் மொழி பயில்கின்றான். அஞ்சல்வழியில் எம்.சி.ஏ.வும் படிக்கின்றான். இன்னும் அவன் அயல்நாடு செல்லவில்லை. செல்வானா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கையில் இப்போது இருக்கும் மூன்றாண்டு அனுபவச் சான்றின் ஒவ்வொரு நாளும் உண்மையானது. தந்தையின் பத்திரமும் பெட்டியில் இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! திரும்பி வருவதற்கு வீடும் நிலமும் மிஞ்சியிருக்கும்படி புறப்படுங்கள். ஒரு கடிதம் வந்தால் ஊதியத் தொகையைப் பார்க்குமுன் 'யார் கூற்று' என்று பாருங்கள். ஆங்கிலம் புரியவில்லையெனில் நாணாமல் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். எந்தத் துறை ஆசிரியராயினும் சரி. பெற்றோர்களே! "அவன் மகன் போய்விட்டான்" என்னும் சொல்லால் உங்கள் பிள்ளையை விரட்டாதீர்கள். பள்ளியில் எரியும் ஆசையினும் வீட்டில் எரியும் ஒப்பீடே பல இளைஞரை முகவரின் வாயிலுக்கு அனுப்புகின்றது. சமுதாயப் பெரியோர்களே! ஜமாஅத்து தோறும், ஊர் தோறும், வேலைக் கடிதங்களைப் படித்துச் சொல்ல இரண்டு படித்தவர்களை அமர்த்துங்கள். வெள்ளிதோறும் ஒரு மணி நேரம் போதும். முன்னாளில் சபுராளிக்குத் துணைநின்ற தெரிந்தவரின் சொல்லை இந்நாளில் நாம் அவ்வாறுதான் மீட்டளிக்க இயலும்.

கல்வியும் உழைப்பும் வாய்மையும் உடையோர்க்கு எல்லாம் வல்ல இறைவன் எந்நாட்டிலும் நல்வாழ்வு அருள்வானாக! ஆமீன்.